பினேகா: ஆறும் ஆட்சியும் பாட்டும்

ருஷ்யாவின் வடபகுதியில் அர்கான்கெல்ஸ்க் மாநிலத்திற்கு உட்பட்டது பினேகா மாவட்டம். அதன் பரப்பு ஏறத்தாழ 32,000 சதுர கிலோமீட்டர். பெல்ஜியம் என்னும் நாட்டைவிடச் சற்றுப் பெரியது. அத்துணைப் பெரிய நிலத்தில் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது வாழ்ந்தவர் ஏறத்தாழ 26,000 பேர் மட்டுமே. சதுர கிலோமீட்டருக்கு ஒருவர் என்னும் அளவுகூட அங்கில்லை.

ஆள்வோரின் ஏடுகளில் இம்மாவட்டம் பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகவே இடம்பெற்றது. ஒன்று, அது மரம் தரும் காடு. மற்றொன்று, வேண்டாதவரை அனுப்பி வைக்கத் தகுந்த தொலைவு. ஆனால் ருஷ்யக் கவிதையின் வரலாற்றில் பினேகா பெற்ற இடம் முற்றிலும் வேறானது. தலைநகரங்கள் மறந்துவிட்ட பழங்காப்பியப் பாடல்களை மறவாமல் வைத்திருந்த சில நிலங்களுள் அதுவும் ஒன்று. இவ்விரண்டு வரலாறுகளும் ஒரே ஆற்றங்கரையில் நிகழ்ந்தவை. ஒன்றை விடுத்து மற்றொன்றை விளங்கிக்கொள்ள இயலாது.

ஆற்றின் வழி

நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்பது தமிழிலக்கணம் காட்டும் நெறி. பினேகாவை அறியவும் அந்நெறியே துணை. வெள்ளாறு, கருப்பாறு என்று பொருள்படும் பேலயா, சோர்னயா என்னும் இரு சிற்றாறுகள் கூடிப் பினேகா ஆறு பிறக்கிறது. 779 கிலோமீட்டர் நீளமுடைய அவ்வாறு, வட திவினா என்னும் பேராற்றிற்கு ஏறக்குறைய இணையாக வடமேற்கு நோக்கி ஓடுகிறது. பினேகா என்னும் ஊரை நெருங்கியதும் சட்டெனத் தென்மேற்கே திரும்பிப் பின்னர் வட திவினாவில் கலக்கிறது.

இத்திருப்பமே அந்நிலத்தின் வரலாற்றைத் தீர்மானித்தது எனலாம். ஆறு திரும்பும் இடத்திற்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே குலோய் என்னும் மற்றோர் ஆறு வடக்கே வெண்கடலை நோக்கிச் செல்கிறது. ஓர் ஆற்றிலிருந்து படகுகளைக் கரையேற்றித் தரைவழியே இழுத்து மற்றோர் ஆற்றில் விடுவது பழங்கால வணிகர் வழக்கம். அவ்வாறு இழுத்துச் செல்லும் இடத்தை ருஷ்ய மொழியில் 'வோலொக்' என்பர். பினேகா என்னும் ஊரின் பழைய பெயரும் 'பினேகா வோலொக்' என்பதே. 1926 முதல் 1928 வரையிலான ஆண்டுகளில் இவ்விரு ஆறுகளையும் இணைக்கும் கால்வாய் வெட்டப்பட்டது. பன்னூறு ஆண்டுகளாகப் படகுகளைத் தோளாலும் கயிற்றாலும் இழுத்த வழி அன்றுதான் நீர்வழி ஆயிற்று.

மாவட்டத்தின் இன்றைய தலைமையிடமான கார்ப்போகோரி, வட அகலக்கோடு 64 பாகையை ஒட்டி உள்ளது. சூன் திங்களில் இரவு முழுமையாக இருள்வதில்லை. திசம்பரில் பகல் சில மணி நேரமே நீடிக்கும். ஆண்டில் ஏறக்குறைய பாதிக் காலம் ஆறு உறைந்து கிடக்கும். பனி உருகும் இளவேனிலில் வெள்ளம் பெருகும். பெரிய படகுகள் உள்நாட்டிற்குச் செல்ல ஏற்ற காலம் அதுவே. கோடையில் நீர் வற்றி மணல்திட்டுகள் தலைகாட்டும். சாலைகள் அமையாத காலத்தில் கோடையில் நீரும் குளிர்காலத்தில் பனிக்கட்டியுமே பாதைகள். பனி இறுகாத இலையுதிர்காலத்திலும், பனி உடையும் இளவேனிலிலும் ஊருக்கும் ஊருக்கும் தொடர்பே அறுந்துவிடும்.

ஆற்றின் கரைகளில் ஜிப்சப் பாறைகள் வெண்சுவர்களாக எழுந்து நிற்கின்றன. அப்பாறை நீரில் கரையும் தன்மையுடையது. ஆதலால் நிலத்தடியில் குகைகள் மிகுதி. சில ஓடைகள் திடீரெனத் தரைக்குள் மறைந்து வேறோரிடத்தில் வெளிப்படுகின்றன. இக்குகை நிலத்தைக் காக்கவே 1974ஆம் ஆண்டில் பினேகா இயற்கைக் காப்பகம் நிறுவப்பட்டது. மற்றைய பகுதிகளில் ஊசியிலைக் காடுகளும் சதுப்புகளும் பரந்துள்ளன. உழவிற்கும் வைக்கோல் புல்லிற்கும் ஏற்ற மண் ஆற்றோரத்தில் ஒரு குறுகிய பட்டையாகவே கிடைக்கிறது. எனவே ஊர்களும் ஆற்றின் இரு மருங்கிலும் வரிசையாக அமைந்தன. ஆற்றை விட்டு விலகினால் பல நாள் நடைக்கும் காடே.

இந்நிலவமைப்பிலிருந்து ஆட்சி பற்றிய ஓர் உண்மை பெறப்படுகிறது. இத்தகைய நிலத்தில் எல்லைக் கோடு எங்குச் செல்கிறது என்பது எவரையும் பெரிதாகத் தொடுவதில்லை. அது ஆளில்லாக் காட்டின் நடுவே செல்கிறது. ஆனால் தலைமையிடம் எங்கிருக்கிறது என்பது ஒவ்வொருவரையும் தொடுகிறது. வரி கட்டவும் வழக்குரைக்கவும் மருத்துவரைக் காணவும் எத்தனை நாள் பயணம் என்பதை அதுவே முடிவு செய்கிறது.

தலைமையிடத்தின் அலைவு

பினேகா என்னும் பெயர் 1137ஆம் ஆண்டிலேயே நோவ்கோரோத் இளவரசர் ஸ்வியத்தஸ்லாவ் வெளியிட்ட ஆவணத்தில் காணப்படுகிறது. திருச்சபைக்குரிய வருவாய் பற்றிய ஆவணம் அது. அந்நிலம் எழுத்தில் முதன்முதலாக அறிமுகமாவதே தண்டல் பட்டியல் ஒன்றில்தான். நோவ்கோரோத்து மக்கள் வருவதற்கு முன்னர் பின்னிய இனத்தார் அங்கு வாழ்ந்தனர். அவர்களை ருஷ்யர் 'சூத்' என்று வழங்கினர். ஆறுகள் பலவற்றின் பெயர்கள் இன்றளவும் அவர்களுடைய மொழிக்கே உரியவை. பதினைந்தாம் நூற்றாண்டில் நோவ்கோரோத்தின் வலிமை குன்றியது; 1478இல் அது மாஸ்கோவிற்கு முற்றிலும் அடங்கியபோது வடநிலங்களும் மாஸ்கோவின் ஆட்சிக்குள் வந்தன.

பழைய காலத்தில் ஆட்சித் தலைமையிடம் ஆற்றின் நடுப்பகுதியில் இருந்த கெவ்ரோலா என்னும் ஊர். பின்னர் வணிகம் பெருகிய பினேகா வோலொக்கிற்கு அச்சிறப்பு மாறியது. பேரரசி இரண்டாம் கத்தரீன் காலத்தில், 1780இல், அது பினேகா என்னும் பெயருடன் நகரமாக அறிவிக்கப்பட்டு, 'உயேஸ்து' எனப்பட்ட ஆட்சிப் பிரிவிற்குத் தலைமையிடமாயிற்று. நகரம் என்பது பெயரளவில்தான். மரவீடுகள் நிறைந்த சிற்றூராகவே அது இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் தலைமையிடம் மீண்டும் மேலாற்றுப் பக்கம் நகர்ந்து, கெவ்ரோலாவிற்கு அண்மையிலுள்ள கார்ப்போகோரியில் நிலைகொண்டது. வணிகர் படகு முதன்மை பெற்ற காலத்தில் ஆற்றின் திருப்பத்திலும், காட்டு மரம் முதன்மை பெற்ற காலத்தில் ஆற்றின் நடுவிலும் ஆட்சி அமர்ந்தது எனக் கொள்ளலாம்.

இந்நிலத்திற்கு ஒரு தனிச்சிறப்பும் உண்டு. ருஷ்யாவின் நடுப்பகுதிகளில் உழவர்கள் நிலக்கிழாரின் உடைமைகளாக விற்கப்பட்டும் வாங்கப்பட்டும் வந்தனர். 1861இல்தான் அம்முறை ஒழிக்கப்பட்டது. வடக்கிலோ நிலக்கிழார்கள் வேர்விடவில்லை. உழவர் அரசுக்கு வரி செலுத்தினர். ஆனால் தனியொருவருக்கு அடிமையாகவில்லை. மங்கோலியப் படையெடுப்பும் இக்காடுகளை எட்டவில்லை. தெற்கே அழிந்துபோன பழம்பாடல்கள் இங்கு நிலைத்தமைக்கு இவற்றையும், நீண்ட குளிர்கால இரவுகளையும், ஊர்களின் தனிமையையும் காரணங்களாக ஆய்வாளர் காட்டுவர்.

அனுப்பப்பட்டவர்கள்

தொலைவும் குளிரும் காவலுக்கு உதவும் என்பதை ஆள்வோர் விரைவில் உணர்ந்தனர். இளவரசி சோபியாவின் ஆட்சிக்காலத்தில் அயலுறவுப் பொறுப்பை வகித்துப் பெருஞ்செல்வாக்குடன் விளங்கியவர் இளவரசர் வசீலி கோலிட்சின். 1689இல் முதலாம் பீட்டர் அதிகாரம் பெற்றதும் அவர் வடக்கே அனுப்பப்பட்டார். ஊர் ஊராக மாற்றப்பட்டு இறுதியில் பினேகா நிலத்தை அடைந்து, 1714இல் அங்கேயே மறைந்தார். அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அதன்பின் இரு நூற்றாண்டுகள் இவ்வழக்கம் தொடர்ந்தது. எழுத்தாளர் செரஃபிமோவிச் 1880களின் இறுதியில் மெசேன் ஊரிலும் பினேகாவிலும் தண்டனைக் காலத்தைக் கழித்தார். கனவுலகக் கதைகளால் பின்னாளில் புகழ்பெற்ற அலெக்சாந்தர் கிரீன் 1910இல் பினேகாவிற்கு அனுப்பப்பட்டார்.

பேசுவோரையும் எழுதுவோரையும் வாயடைக்க ஏற்ற இடம் என அரசு இந்நிலத்தைத் தேர்ந்தது. சொல்லற்ற நிலம் என்பது அரசின் எண்ணம். ஆனால் அதே ஆண்டுகளில், அதே ஆற்றங்கரையில், எழுத்தறியாப் பெண் ஒருத்தி காப்பியங்களைப் பாடிக்கொண்டிருந்தாள்.

இரந்துண்ட பாட்டி

மரியா கிரிவொபோலெனோவா 1843ஆம் ஆண்டில் உஸ்த்-யெசூகா என்னும் சிற்றூரில் பிறந்தார். பாட்டனிடமிருந்து பழம்பாடல்களைச் செவிவழியே கற்றார். வறிய குடும்பம், மணவாழ்வும் வறுமையை மாற்றவில்லை. ஊர் ஊராகச் சென்று இரந்துண்டே நெடுங்காலம் வாழ்ந்தார். வீரர் கதைகளைக் கூறும் அப்பாடல்களை ஏட்டறிஞர் 'பிலீனா' என்பர். வடநாட்டு மக்கள் 'ஸ்தாரினா', அதாவது பழமை, என்பர். கீவ் நகரத்து இளவரசர் விளாதிமிரையும், மாவீரர் இல்யா முரோமெத்சையும் பற்றிய அப்பாடல்கள் கீவிலிருந்து பல நூறு கிலோமீட்டர் வடக்கே, அந்நகரைக் கண்ணால் காணாத ஒரு மூதாட்டியின் நாவில் வாழ்ந்தன.

1900ஆம் ஆண்டில் மாஸ்கோ ஆய்வாளர் அலெக்சாந்தர் கிரிகோரியெவ் பினேகா ஊர்களில் பாடல் தொகுக்க வந்தபோது இவரைக் கண்டார். அத்தொகுப்பின் முதற்பகுதி 1904இல் வெளிவந்தது. ஆயினும் பாடியவரின் வாழ்வில் மாற்றமில்லை. நூலகத்தில் பாடல் இருந்தது; பாடியவர் தெருவில் இருந்தார். 1915இல் நாட்டார் பாடல்களை மேடையில் கூறிவந்த கலைஞர் ஓல்கா ஒசரோவ்ஸ்கயா பினேகாவிற்கு வந்தார். எழுபத்திரண்டு வயது மூதாட்டியை மாஸ்கோவிற்கு அழைத்துச் சென்று பல்தொழில்நுட்ப அருங்காட்சியக அரங்கில் பாடச் செய்தார். பெத்ரோகிராதிலும் வேறு பல நகரங்களிலும் அவர் பாடினார். சிற்பி கோனென்கோவ் 1916இல் அவர் உருவை மரத்தில் வடித்தார். அதே ஆண்டில் அவர் பாடல்கள் நூலாகவும் வெளிவந்தன. புரட்சியும் உள்நாட்டுப் போரும் வந்த ஆண்டுகளில் மீண்டும் வறுமையே துணையாயிற்று. 1921இல் கல்வியமைச்சர் லூனச்சார்ஸ்கி அவரை மாஸ்கோவிற்கு வரவழைத்துச் சிறப்பித்தார். 1924இல் பினேகா நிலத்திலேயே அவர் மறைந்தார்.

அவரிடமிருந்து மட்டுமே கிடைத்த பாடல் ஒன்று உண்டு. உழுதுகொண்டிருக்கும் வவீலோ என்னும் இளைஞனிடம் 'ஸ்கமரோக்' எனப்படும் நாடோடிப் பாடகர்கள் வருகின்றனர். வேற்று நாட்டில் நாய் என்னும் பெயருடைய கொடிய மன்னனை இசையால் வெல்லப் போகிறோம், உடன்வா என்கின்றனர். உழவன் கலப்பையை விட்டு இசைக்கருவியை ஏந்துகிறான். அவர்கள் இசைத்ததும் மன்னனின் நாடு முழுதும் தீப்பற்றி எரிகிறது. உழவன் மகன் அரியணை ஏறுகிறான்.

இப்பாடலின் பொருளை அதன் காலத்தோடு வைத்துக் காண வேண்டும். 1648இல் ஜார் அலெக்சி, ஸ்கமரோக் பாடகர்களின் ஆட்டபாட்டங்களைத் தடைசெய்து, அவர்களுடைய இசைக்கருவிகளை உடைத்து எரிக்க ஆணையிட்டார். பாடகர் மரபு மாஸ்கோவில் நசுக்கப்பட்டது. இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர், பாடகரே மன்னனை வெல்லும் பாடல் பினேகாவில் ஓர் இரவலரிடம் உயிரோடு இருந்தது. அரசாணை சென்று சேராத தொலைவு என்று ஒன்று இருந்தமையால் அது பிழைத்தது. எந்தத் தொலைவு கோலிட்சினுக்குச் சிறையாயிற்றோ அதே தொலைவு பாட்டிற்குப் புகலிடமாயிற்று.

இருவகைப் பட்டியல்கள்

சோவியத் ஆட்சி அத்தொலைவைக் குறைத்தது. 1925இல் பினேகா நகரத் தகுதியை இழந்தது. 1929இல் பழைய உயேஸ்து முறை நீங்கி, 'ரயோன்' எனப்படும் மாவட்டங்கள் தோன்றின. அப்போது ஆற்றின் கீழ்ப்பகுதி பினேகா மாவட்டமாகவும் மேற்பகுதி கார்ப்போகோரி மாவட்டமாகவும் பிரிந்து, புதிதாக அமைந்த வடக்குப் பெருநிலத்தின் கீழ் வந்தன. 1937 செப்டம்பரில் அர்கான்கெல்ஸ்க் மாநிலம் அமைந்தது. 1950களின் இறுதியில் இரு மாவட்டங்களும் ஒன்றாயின. பெயர் பினேகா, தலைமையிடம் கார்ப்போகோரி. முப்பதாண்டுகளில் இத்தனை மாற்றங்கள்.

1927இல் லெனின்கிராத் ஆய்வாளர் குழு ஒன்று இவ்வூர்களுக்கு வந்து பாடல்களையும் கதைகளையும் பதிவு செய்தது. அப்பாடல்களின் இசைக்குறிப்புகள் 1937இல் நூலாயின. அவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில், 1930இல், தெற்கிலிருந்து 'குலாக்கு' என்று முத்திரை குத்தப்பட்ட உழவர்கள் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வடக்குப் பெருநிலத்தின் காடுகளில் கொண்டுவந்து விடப்பட்டனர். குழந்தைகளும் முதியோரும் பசியாலும் நோயாலும் பெருந்தொகையில் மடிந்தனர். பினேகாக் காடுகளும் அவர்களுடைய கல்லறைகளைக் கொண்டுள்ளன. ஒரே பத்தாண்டில் இந்நிலத்தில் இருவகைப் பட்டியல்கள் எழுதப்பட்டன. ஒன்று பாடல்களுடையது, மற்றொன்று வேரோடு பெயர்க்கப்பட்ட மாந்தருடையது.

உள்ளூர் உழவர் நிலையும் எளிதாக இல்லை. கூட்டுப் பண்ணைக்கு இவ்வளவு பால், இவ்வளவு இறைச்சி, இவ்வளவு தானியம் என மாவட்டம் கட்டளையிடும். குளிர்காலத்தில் பண்ணையாரும் குதிரைகளும் மரம் வெட்டக் காட்டிற்குச் செல்ல வேண்டும். 1932இல் நாட்டில் உள்நாட்டுக் கடவுச்சீட்டு முறை வந்தபோது கூட்டுப் பண்ணை உழவர்க்கு அது பொதுவாக வழங்கப்படவில்லை. அவர்கள் விரும்பியவாறு நகரம் பெயர இயலவில்லை. இக்குறையை நீக்கும் ஆணை 1974இல்தான் வந்தது. நிலக்கிழாருக்கு அடிமையாகாத வடநாட்டு உழவர், மாவட்ட அலுவலகத்திற்குக் கட்டுண்டனர் என்பது வரலாற்றின் முரண்.

வெர்க்கோலாவின் மகன்

இக்கட்டினைப் பற்றி எழுத அதே ஆற்றங்கரையிலிருந்து ஒருவர் எழுந்தார். பியோதர் அப்ராமோவ் 1920இல் வெர்க்கோலா என்னும் ஊரில் பிறந்தார். கார்ப்போகோரியில் பள்ளிக் கல்வியை முடித்தார். லெனின்கிராதில் பயிலும்போது போருக்குச் சென்று காயமுற்றார். 1942இல் ஊர் திரும்பிச் சில திங்கள் தங்கினார். ஆண்கள் அனைவரும் போர்முனையில் இருக்க, பெண்களும் முதியோரும் சிறுவரும் உழுது விதைத்து அறுத்ததை அப்போது கண்டார். அக்காட்சியிலிருந்தே 1958இல் 'உடன்பிறந்தோர்' என்னும் நாவல் பிறந்தது. அதைத் தொடர்ந்து மேலும் மூன்று நாவல்கள் 1978 வரை வெளிவந்தன. நான்கும் சேர்ந்து பெக்கஷினோ என்னும் கற்பனை ஊரின் கதையாகும்.

மூன்றாம் நாவலில் ஒரு நிகழ்ச்சி. மாட்டுக்கொட்டகை கட்டும் தச்சர்க்குப் பண்ணைத் தலைவர் லுக்காஷின் பதினைந்து கிலோ தானியம் கொடுக்கிறார். அரசுக்கு அளக்க வேண்டியதை அளக்கும் முன் கொடுத்தது குற்றம், அவர் சிறைப்படுகிறார். மிகயீல் என்னும் இளைஞன் அவருக்காக ஒரு முறையீட்டை எழுதிக்கொண்டு வீடு வீடாகச் செல்கிறான். தானியம் பெற்றவர்களுள்ளும் பலர் ஒப்பமிட அஞ்சுகின்றனர். ஒரு மாவட்ட ஆட்சி எவ்வாறு இயங்கிற்று என்பதை எந்தச் சட்டநூலைக் காட்டிலும் அந்த வெற்றுத்தாள் தெளிவாக உரைக்கிறது.

கதையில் நிகழ்ந்தது ஆசிரியருக்கே வேறு வடிவில் நேர்ந்தது. 1963இல் கூட்டுப் பண்ணையின் உண்மை நிலையைக் காட்டும் அவருடைய குறுநாவல் ஒன்று வெளிவந்தது. உடனே வெர்க்கோலா மக்கள் பெயரில் ஒரு திறந்த மடல் அர்கான்கெல்ஸ்க் நாளிதழில் வந்தது. எங்களை எதை நோக்கி அழைக்கிறாய், ஊராரே எனக் கேட்டது அம்மடல். அதன் பின்னணியில் கட்சி அதிகாரிகளின் கை இருந்தது. எனினும் கீழே இருந்தவை அவர் அறிந்த, அவர் எழுதிய மக்களின் பெயர்கள். தாம் எவருக்காகப் பேசினாரோ அவர்களுடைய பெயராலேயே ஓர் எழுத்தாளர் கண்டிக்கப்படுவதினும் கொடிய தண்டனை வேறில்லை.

அப்ராமோவ் ஊரை வெறுக்கவில்லை; ஆண்டுதோறும் வெர்க்கோலாவிற்கு வந்தார், அங்கு வீடும் அமைத்துக்கொண்டார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1979 ஆகஸ்டில், மாவட்ட இதழிலேயே தம் ஊர் மக்களுக்கு ஒரு மடல் வரைந்தார். இம்முறை அவர் கேட்டவை கடினமான வினாக்கள். புல்வெளிகள் ஏன் புதர் மண்டிக் கிடக்கின்றன? குடிப்பழக்கத்தை ஏன் பொறுத்துக்கொள்கிறீர்கள்? எல்லாம் மேலிருந்து வரும் என்று ஏன் காத்திருக்கிறீர்கள்? ஆள்வோரைக் குறைகூறிய நாவலாசிரியர் இப்போது ஆளப்பட்டோரையும் விடவில்லை. ஊரில் சினந்தோரும் உண்டு. அவர் பக்கம் நின்றோரும் உண்டு. நாடு முழுவதும் அம்மடல் விவாதிக்கப்பட்டது. அஞ்சி ஒப்பமிடாத ஊரும், அஞ்சி ஒப்பமிட்ட ஊரும் தாமே பேசக் கற்க வேண்டும் என்பதே அம்மடலின் உட்கிடை எனலாம்.

1983இல் அவர் லெனின்கிராதில் மறைந்தார். அவருடைய உடல் வெர்க்கோலாவிற்குக் கொண்டுவரப்பட்டு, ஆற்றை நோக்கிய மேட்டில், அவருடைய வீட்டருகே அடக்கம் செய்யப்பட்டது. 1985இல் இயக்குநர் லெவ் தோதின் அந்நாவல்களை நாடகமாக்கினார். அதற்கான பயிற்சியின்போது இளம் நடிகர்கள் வெர்க்கோலாவில் தங்கி, பினேகா மக்களின் பேச்சையும் பாட்டையும் அவர்களிடமே கற்றனர். அந்நாடகம் உலகின் பல நகரங்களில் நடிக்கப்பட்டது.

எஞ்சுவது

1991இல் சோவியத் ஒன்றியம் முடிவுற்றது. கூட்டுப் பண்ணைகள் சிதைந்தன. 1970களில் கார்ப்போகோரி வரை வந்த இருப்புப்பாதை, மரத்தை வெளியே கொண்டுசென்றதுபோல் இளைஞரையும் வெளியே கொண்டுசென்றது. அதற்கு முன்னரே, வளர வாய்ப்பற்ற ஊர்கள் எனச் சிற்றூர்களை வகைப்படுத்திப் பள்ளியையும் கடையையும் மூடிய கொள்கை வடக்கின் பல ஊர்களை வெறுமையாக்கியிருந்தது. ஒரு வகைப்பாட்டுச் சொல் ஓர் ஊரை அழிக்கும் ஆற்றலுடையது என்பதற்கு இதுவும் சான்று.

உயேஸ்து போயிற்று, பெருநிலம் போயிற்று, இரு மாவட்டங்கள் ஒன்றாயின. தலைமையிடம் ஆற்றின் மேலும் கீழும் அலைந்தது. 1137ஆம் ஆண்டுத் தண்டல் பட்டியலில் இருந்த பெயர் மட்டும் மாறவில்லை. ஏனெனில் அது ஆட்சி இட்ட பெயரன்று, ஆற்றின் பெயர். வவீலோவின் பாட்டும் மாறவில்லை. அதைக் காத்தவர் வீடுதோறும் கையேந்திய ஒரு மூதாட்டி. மிகயீலின் வெற்றுத்தாளும் மறையவில்லை. அதை எழுதியவர் அதே மண்ணில் உறங்குகிறார்.

ஆனால் பாட்டு நூலில் பிழைத்திருப்பதும் ஊரில் வாழ்வதும் ஒன்றல்ல. கிரிவொபோலெனோவாவின் பாடல்களை இன்று அச்சில் எங்கும் படிக்கலாம். அவற்றைப் பாட்டனிடம் கேட்டுக் கற்கப் பினேகாக் கரையில் ஒரு பேத்தி வேண்டும். அவள் அங்கேயே வாழ ஒரு பள்ளியும் ஒரு மருத்துவரும் பனிக்காலத்திலும் அறாத ஒரு பாதையும் வேண்டும். பாட்டைக் காப்பது புலவர் கடன் என்றால், பாடும் ஊரைக் காப்பது ஆட்சியின் கடன். பினேகாவின் ஒன்பது நூற்றாண்டு ஆவணங்களில் முதற்கடன் பலமுறை நிறைவேறியிருக்கிறது. இரண்டாவது இன்னும் நிலுவையில் உள்ளது.